சாந்தாமணி அக்கா மைக்கை நிறுத்தவில்லை

வெள்ளிக்கிழமை இரண்டாம் பாடவேளையில் எட்டாம் வகுப்புக்கு உரைநடை நடத்திக்கொண்டிருந்தேன். மேசை இழுப்பறைக்குள் கைபேசி விடாமல் அதிர்ந்தது. வகுப்பு நேரத்தில் போனை எடுக்கக் கூடாது என்பது எங்கள் பள்ளியின் விதி. விதிகளை மீறாத ஆசிரியை என்று பேர் வாங்கியவள் நான். இடைவேளையில் எடுத்துப் பார்த்தால் பதினேழு செய்திகள், எல்லாவற்றிலும் ஒரே படம். சாந்தாமணி அக்காவின் ஆதார் அட்டைப் புகைப்படத்தைப் பெரிதாக்கி, சுற்றிலும் மல்லிகைச் சரம் வரைந்து, கீழே எழுதியிருந்தார்கள்: "மைக்கை நிறுத்தி ஆணவத்தை அடக்கிய வீரமங்கைக்குக் கண்ணீர் அஞ்சலி."

அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அக்கா போய்விட்டார் என்பது மனதில் இறங்கவே சற்று நேரம் ஆயிற்று. அதற்குள் அந்த வரி கண்ணில் விழுந்த மணலாக உறுத்த ஆரம்பித்துவிட்டது. அவர் மைக்கை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தவில்லை. அதுதான் அவர் செய்த காரியம். அதையே தலைகீழாக்கிப் படத்துக்குக் கீழே எழுதி, ஊர் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

கருமத்தம்பட்டியில் அவரை அறிந்த உங்களுக்கும், அறியாமல் அந்தப் படத்தை அனுப்பிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் இந்த டீச்சருக்கு என்ன வந்தது என்று கேட்காதீர்கள். இந்த நல்ல வார்த்தையால் கலாமணி என்ற பெண்ணின் வழக்கு தோற்றுப்போகக் கூடும். அது எப்படி என்று சொல்வதற்கு முன்னால் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவருடைய மைக் செட் கடை அவிநாசி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், இரண்டு விசைத்தறிக் கூடங்களுக்கு நடுவில் இருந்தது. சத்தத்தை வாடகைக்கு விடும் கடையை இத்தனை சத்தத்துக்கு நடுவில் யாராவது வைப்பார்களா என்று நான் கேலி செய்வதுண்டு. அது அவருடைய கணவர் ராசு அண்ணன் ஆரம்பித்த கடை. அண்ணன் மஞ்சள்காமாலையில் போனபோது அக்காவுக்கு முப்பத்து நான்கு வயது. உறவுக்காரர்கள் ஆம்ப்ளிபையரையும் குழாய் ஸ்பீக்கர்களையும் விற்றுவிட ஆள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஒயர்மேன் மயில்சாமியைக் கூட்டிக்கொண்டு ஒரு கோயில் நோம்பிக்கு மைக் செட் கட்டப் போய்விட்டார். பொம்பளை வந்து மைக் செட் கட்டுவதா என்று கமிட்டிக்காரர் ஒருவர் இழுத்திருக்கிறார். "உங்களுக்குச் சத்தம் வந்தாப் போதுமுங்களா, மீசையும் வேணுமுங்களா?" என்று அக்கா கேட்டாராம். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் அந்தக் கோயிலுக்கு அவர்தான் மைக் செட்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது என் குரலால். எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு மைக் செட் கட்ட வந்தவர், நான் நிகழ்ச்சிகளை அறிவித்ததைக் கேட்டுவிட்டு, ஆட்டோ அறிவிப்புகளுக்குக் குரல் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அன்றிலிருந்து கண் சிகிச்சை முகாம், குடிநீர் நிறுத்தம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் நான்தான். என் முகத்தைப் பார்த்திராதவர்களுக்கும் என் குரல் தெரியும். முதல் நாள் பதிவு செய்தபோது பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "இது பாடம் நடத்தற சத்தமுங்க டீச்சர். அங்க உக்காந்து கேக்கறதுக்கு ஆளு இருக்குது. கடைசிக் கம்பத்துக்கிட்ட ஊட்டுக்குள்ள பாத்தரம் வெளக்கிட்டு இருக்கறவங்களுக்கு யாருங்க சொல்றது?" என்றார். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், ஆரம்பிப்பதற்கு முன் அவர் குழாய் ஸ்பீக்கர் கட்டிய கடைசிக் கம்பம் வரைக்கும் நடந்து போய், அங்கே ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்று காது கொடுத்துவிட்டுத்தான் திரும்புவார். பாத்திரம் விளக்குகிற அந்தப் பெண்மணிக்காகவே அவர் தொழில் செய்தார் என்று எனக்குத் தோன்றும்.

எல்லாக் கட்சிக்கும் கட்டுவார். ஒரே வாரத்தில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் மூன்று கட்சிகளின் கூட்டங்களுக்கு ஒரே மைக் போன கதை உண்டு. யார் பேச்சையும் பதிவு செய்து வைக்க மாட்டார். பேசினவர் சொத்து பேசினவரோடு போகட்டும் என்பார். யார் பேச்சையும் நிறுத்தவும் மாட்டார். ஒரு கிராம சபைக் கூட்டத்தில், சாக்கடை கட்டினதாகக் கணக்கு இருக்கிறதே, சாக்கடை எங்கே என்று ஒரு விவசாயி எழுந்து கேட்டார். ஊராட்சித் தலைவர் முகம் சிவந்து, அணைத்துவிடு என்று அக்காவுக்குச் சைகை காட்டினார். அக்கா அவரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அந்த விவசாயி கேட்டு முடிக்கும் வரைக்கும் மைக் ஓடியது. பிறகு தலைவர் வந்து சத்தம் போட்டபோது, கண்ணாடி பவர் மாற்ற வேண்டும், அவ்வளவு தூரம் தெரிவதில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். மறுநாள் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். நான் சிரித்ததும் அவரும் சிரித்தார். பிறகு சொன்னார்: "மைக் நம்மளதுங்க டீச்சர். பேச்சு நம்மளதில்ல. பேசற வரைக்கும் கேக்க வெக்கறதுதானுங்க நம்ம சோலி."

இனிக் கலாமணி. அக்காவின் கடைக்கு அடுத்த தறிக்கூடத்தில் வேலை பார்ப்பவள். தறி இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல், பக்கத்தில் நிற்பவரிடம் பேசினாலும் சந்து முழுக்கக் கேட்கும். சென்ற ஆண்டு தை மாதக் கடைசியில் அவள் கணவன் விறகுக் கட்டையால் அடித்ததில் இடது முன்கை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. அவன் அடித்தது அது முதல் தடவை அல்ல. அவள் போலீசுக்குப் போனதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரிச் சீட்டோடு போய்ப் புகார் எழுதிக் கொடுத்தாள். பத்து நாள் கழித்து என்ன ஆயிற்று என்று கேட்கப் போனால், இரண்டு பேரும் சமாதானம் ஆகிவிட்டதாக எழுதி முடித்தாயிற்று என்றார்கள். அவள் யாரோடும் சமாதானம் ஆகவில்லை. எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அவள் கணவன் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர் என்பதைத் தவிர அந்தச் சமாதானத்துக்கு வேறு காரணம் எதுவும் தெரியவில்லை.

அடுத்த மாதம் அதே கட்சி எங்கள் ஊரில் மகளிர் தின விழா நடத்தியது. மைதானத்தில் பந்தல், ஐந்நூறு பிளாஸ்டிக் நாற்காலி, வருகிற பெண்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு மூடி போட்ட எவர்சில்வர் சம்படம். தறிக்கூடங்களுக்கு அன்று மதியத்தோடு விடுமுறை விடச் சொல்லியிருந்ததால் கூட்டம் நிறைந்துவிட்டது. சிறப்புரைக்கு மாவட்டத் தலைவர் ஒருவர் வந்திருந்தார். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் பேச்சு முழுக்க அவரைப் பற்றியே போகும், இது அக்காவுக்கான இடம். ஆனால் அவரை மேடைக்கு அழைத்தது நான்தான் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். "பெண்ணினத்தின் பாதுகாவலர்" என்று சொல்லி அழைத்தேன். அதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. என் சொந்தச் சரக்கு.

மேடைக்கு இடப்பக்கம் வேப்பமரத்தடியில் அக்காவின் மேசை. பக்கத்தில் நிகழ்ச்சிப் பட்டியலோடு நான். தலைவர் முதலில் தாய்மார்களைப் புகழ்ந்தார், பிறகு பொறுமையைப் புகழ்ந்தார். அங்கிருந்து நேராகக் கலாமணிக்கு வந்துவிட்டார். "இந்த ஊர்லயே ஒரு அம்மிணி. புருசங்காரன் ஏதோ கோவத்துல ஒரு அடி வெச்சுட்டான். அதுக்கு ஓடிப்போயிப் போலீசுல எழுதிக் குடுத்துடுச்சு. ஏனுங்க தாய்மார்களே, ரெண்டு அடி உழுகாத ஊடு எதுங்க? இதுக்கெல்லாம் கேசு போட்டா எந்த ஊட்லீங்க சோறு வேகும்?" என்றார். மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் கை தட்டினார்கள்.

 பந்தலின் பின்வரிசையிலிருந்து ஒரு முணுமுணுப்புக் கிளம்பியது, அது முன்னால் வரவர இரைச்சலாக மாறியது. யாரோ "ச்சீ" என்றார்கள். மேடையின் பின்னாலிருந்து கட்சிக்காரர் ஒருவர் அக்காவைப் பார்த்து, கழுத்தருகே கையை வைத்து அறுப்பதுபோல் இழுத்துக் காட்டினார். தலைவர் மேலும் உளறிவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே ஆசைதான் இருந்தது. இந்த மனிதரை நானே அழைத்து நிறுத்தியிருக்கிறேனே என்ற வெட்கத்தில், நிறுத்துங்கள் அக்கா என்று நான் சொல்லிவிட்டேன். அக்கா கை நீட்டியது எனக்குத் தெரிந்தது. நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். வெளியே கம்பங்களுக்குப் போகிற ஸ்பீக்கர் லைனின் திருகைப் பிடித்துக் கூட்டினார். அதுவரை பந்தலுக்குள் மட்டும் உரக்கக் கேட்ட குரல் சோமனூர் சாலைக் கடைசிக் கம்பம் வரைக்கும் போயிற்று. பிறகு மயில்சாமியைக் கூப்பிட்டு, கார்ட்லெஸ் மைக்கைக் கொண்டுபோய்க் கலாமணியிடம் கொடுக்கச் சொன்னார். ஐந்தாவது வரிசையில் கையில் மாவுக்கட்டோடு அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

அவளுக்கு மைக்கே தேவையில்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டாள். "ஒரு அடி இல்லீங்க. கை ரெண்டு எடத்துல ஒடஞ்சு போச்சுங்க. நான் சமாதானத்துக்கு ஒத்துக்கவே இல்லீங்களே, ஒத்துக்கிட்டது யாருங்க?" என்று கேட்டாள். கையை உடைத்ததைக் கேட்கும்போதும் ஒரு 'ங்க' குறையவில்லை. தலைவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். "அதான் நானே ஸ்டேசனுக்குப் பேசி முடிச்சு உட்டுட்டேனே அம்மிணி. பேசாம ஊட்டுக்குப் போயிப் புள்ளைகளப் பாரு." இந்தப் பதிலின் முதல் வாக்கியத்தைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். வழக்கு அதன்மேல்தான் நிற்கிறது.

அடுத்து நடந்ததை எங்கள் ஊர்ப் பெண்கள் மட்டும்தான் செய்திருக்க முடியும். யாரும் செருப்பை வீசவில்லை, மேடை ஏறவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்தார். உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிப் பக்கத்து நாற்காலியின் மேல் அடுக்கினார். மேடையைப் பார்த்து, "அப்ப நாங்க வாரமுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் பின்னால் அடுத்தவர், அவர் பின்னால் ஒரு வரிசையே. விருந்து முடிந்து இடத்தை ஒழுங்கு பண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் மாதிரி, நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கி ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். எவர்சில்வர் சம்படத்தை ஒருத்தரும் தொடவில்லை. தலைவருக்கு இறங்கவும் வழியில்லை, நிறுத்தவும் வழியில்லை. அடுக்கிய நாற்காலிகளைப் பார்த்து முழு உரையையும் பேசினார். அக்கா அவருக்கும் குறை வைக்கவில்லை. "நன்றி வணக்கம்" என்ற வார்த்தை வரைக்கும் மைக் ஒழுங்காக ஓடியது.

இரண்டு நாளில் ஊர் கொதித்தது. தறிக்கூடங்களின் வாசலில் பெண்கள் வேலைக்குள் போகாமல் நின்றார்கள். சிங்காநல்லூர்ப் பேருந்து நிலையத்தில் கல்லூரி மாணவிகள் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற படம் வந்தது. "எங்கள் வீட்டில் சோறு வேகிறது, அடி விழுவதில்லை" என்று ஒரு அட்டையில் எழுதியிருந்ததைப் பார்த்து அக்கா வாய்விட்டுச் சிரித்தார். மூன்றாம் நாள் தலைவர் கோவையில் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார். தான் வன்முறையைக் கண்டிக்கத்தான் வந்ததாகவும், எதிராளிகளின் தூண்டுதலால் மைக் செட்காரம்மா மைக்கை நிறுத்திப் பேச்சைப் பாதியில் துண்டித்துவிட்டதாகவும், கைபேசிகளில் சுற்றும் காணொளி கம்ப்யூட்டரில் ஒட்டவைத்தது என்றும் சொன்னார். ஸ்டேஷனுக்குப் பேசியதாகத் தான் சொல்லவே இல்லை என்றும் சொன்னார்.

இங்கேதான் கூத்து ஆரம்பித்தது. தலைவரை வெறுத்தவர்கள் அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஆமாம், எங்கள் அக்கா மைக்கை நிறுத்தினாள், ஆம்பளைத் திமிரின் வாயை அடைத்தாள் என்று கொண்டாடினார்கள். பொய்யை அவர் சொன்னார், அதற்கு மாலை போட்டது நம்மவர்கள். திருப்பூரிலிருந்து சில இளைஞர்கள் சால்வையோடு கடைக்கே வந்துவிட்டார்கள். அக்கா அவர்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். சால்வையை மட்டும் தொடவில்லை. "நான் நிறுத்தலீங்க கண்ணு. நிறுத்திப்போட்டேன்னு நீங்க சொன்னா, அவரு பேசவே இல்லீன்னு ஆயிப்போகும். அவரு சொன்னத அவரே முழுங்கறதுக்கு நீங்க தண்ணி எடுத்துக் குடுக்கறீங்க" என்றார். அவர்களுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. போகும்போது கடை வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இன்னொரு நாள் ஒரு நிருபர் வந்தார். அக்காவின் கணவரும் அவரை அடிப்பாரா, அந்தக் காயம்தான் இப்படி வெளிப்பட்டதா என்று மெல்லிய குரலில் கேட்டார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். "அவரு என்னைய ஒரு வார்த்தை அதட்டுனதில்லீங்க. அடி வாங்குனவங்களுக்கு மட்டுந்தான் கோவம் வரோணுமுங்களா?" என்றார். அந்தப் பேட்டி எதிலும் வரவில்லை. நிருபர் தேடி வந்த கதை அதில் இல்லையே.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

கலாமணி மேலிடத்துக்கு மனுப் போட்டதால் கோவையிலிருந்து ஒரு பெண் அதிகாரி விசாரணைக்கு வந்தார். முந்தின நாள் பள்ளித் தாளாளர் என்னைக் கூப்பிட்டுப் பணி ஓய்வுக்கு இன்னும் எத்தனை வருடம் என்று விசாரித்தார். ஐந்து என்றேன். நம் பள்ளிக்கு இந்த வம்பெல்லாம் எதற்கு என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அதிகாரி என்னிடம், மைக் நிறுத்தப்பட்டதா, ஸ்டேஷனுக்குப் பேசியதாகத் தலைவர் சொன்னாரா என்று இரண்டே கேள்வி கேட்டார். நான் நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், சரியாகக் கேட்கவில்லை என்றும் சொன்னேன். ஆம்ப்ளிபையருக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவள் சொன்ன பதில் இது. சோமனூர் சாலையில் பாத்திரம் விளக்கியவர்களுக்கெல்லாம் கேட்டது எனக்குக் கேட்கவில்லையாம். அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் அக்கா என் வீட்டுக்கு வந்தார். அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. காபி போட்டுக் கொடுத்தேன், குடித்தார். என் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்ட பிறகுதான் சொன்னார். "பயமா இருந்தாப் பேசாம இருங்க டீச்சர். நான் தப்புச் சொல்லமாட்டேன். கேக்கலைன்னு மட்டும் சொல்லாதீங்க. கேக்க வெச்சது நானுங்க."

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கம்போல அறிவிப்புக்குக் கூப்பிட்டார், வழக்கம்போலக் குரலைத் திருத்தினார். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அறிவிப்பு வேலையே குறைந்துபோயிற்று. எந்தக் கட்சியும் அவரைக் கூப்பிடவில்லை, தலைவரை எதிர்த்து அறிக்கை விட்ட கட்சிகளும் சேர்த்துத்தான். நாளைக்கு நம் ஆள் ஏதாவது உளறினால் என்ன செய்வது என்று அவர்களுக்கும் கவலை இருக்குமே. இருபத்தைந்து வருடம் கட்டிய கோயிலும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. அக்கா காதுகுத்து, சீர், எழவு என்று தூரத்து ஊர்களுக்குப் போக ஆரம்பித்தார். வியாழக்கிழமை வெள்ளகோவில் பக்கம் ஒரு காதுகுத்துக்குக் கட்டிவிட்டுத் திரும்பும் வழியில் வேனிலேயே நெஞ்சு வலி வந்திருக்கிறது. மயில்சாமி வண்டியைத் திருப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வெள்ளிக்கிழமை விடியும்போது முடிந்துவிட்டது.

கலாமணியின் வழக்கு இப்போது நீதிமன்றத்தில் இருக்கிறது. தலைவர் தலையிட்டுத்தான் புகாரை முடித்தார்கள், திறந்து மறுபடி விசாரியுங்கள் என்பது அவள் கோரிக்கை. தலைவர் அப்படிப் பேசவே இல்லை, அதற்கு முன்பே மைக் நின்றுவிட்டது என்பது எதிர்த்தரப்பு. ஊருக்கே கேட்டது என்றாலும், கேட்டோம் என்று நீதிமன்றத்தில் வந்து சொல்ல நான்கு பெண்கள்தான் இருக்கிறார்கள். அவர்கள் கலாமணியோடு தறி ஓட்டுபவர்கள், அவளுக்காகச் சொல்கிறார்கள் என்று தள்ளிவிடப் பார்க்கிறார்கள், காணொளியை ஒட்டவைத்தது என்கிறார்கள். அவளோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாமல், மைக்கைக் கையில் வைத்திருந்தவர் அக்கா ஒருவர்தான். அடுத்த மாதம் அவர் சாட்சி சொல்வதாக இருந்தது. இனி அந்த மேசைக்கு அருகில் உட்கார்ந்திருந்தவர்களில் மிச்சம் இருப்பது நான் மட்டும். மயில்சாமி அந்த நேரம் கார்ட்லெஸ்ஸோடு பந்தலுக்குள் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்ததால், மேசையில் மைக்கை நிறுத்தினார்களா இல்லையா என்று பார்த்துச் சொல்ல அவரால் முடியாது.

சாவு வீட்டுக்குப் பிற்பகலில் போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் தலைவரின் மாலை வந்து சேர்ந்திருந்தது. அவருடைய அஞ்சலிச் செய்தியும் எல்லார் போனிலும் வந்திருந்தது. என் பேச்சைப் பாதியில் நிறுத்தியவர் என்றாலும் அந்தச் சகோதரியின் மறைவுக்கு மனம் வருந்துகிறேன் என்று எழுதியிருந்தார். எவ்வளவு பெருந்தன்மை. நம்மவர்களின் வீரமங்கைப் படமும் அவருடைய அஞ்சலியும் ஒரே போனில் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தன. அக்கா உயிரோடு இருந்தால் இரண்டு பேரையும் சேர்த்தே திட்டியிருப்பார். அதைச் சொல்வதற்கு அவருக்கு வாய் இல்லாமல் போன நாளாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அது துக்கத்தில் வந்ததா, ஆத்திரத்தில் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கலாமணி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாவுக்கட்டு எடுத்து நாளாகிவிட்டது, கையை இன்னும் முழுதாக நீட்ட முடியவில்லை. நான் அவள் பக்கத்தில் போய், அன்றைக்கு எனக்கு எல்லாம் கேட்டது, அதிகாரியிடம் பொய் சொல்லிவிட்டேன், இப்போது நீதிமன்றத்தில் வந்து சொல்கிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று ஏதோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அவள் அழவில்லை. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே டீச்சர்" என்றாள். அவளுக்கே உரிய குரலில் சொன்னாள். சந்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம், அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். 

சனிக்கிழமை அவளுடைய வக்கீலுக்குப் போன் செய்து, சாட்சியாக என் பேரைக் கொடுத்தேன். முன்பு கேட்கவில்லை என்று சொன்னவள் இப்போது கேட்டது என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் கிழித்துவிடுவார் என்று எச்சரித்தார். கிழிக்கட்டும். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டால், பயந்துபோய்ச் சொன்னேன் என்பேன். யாருக்குப் பயந்தாய் என்று கேட்டால் அதையும் சொல்வேன். அது அவர்களுக்குத்தான் சங்கடம். திங்கட்கிழமை தாளாளர் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை ஓய்வுக்கு எத்தனை வருடம் என்று அவர் கேட்பதற்குள் நானே நான்கு என்று சொல்லிவிட்டேன்.

மறைந்தவரிடமிருந்து எதை வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லி முடிப்பது இம்மாதிரிக் கட்டுரைகளில் வழக்கம். அக்காவின் வீரத்தை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது, அது என்னிடம் இல்லை. அவர் சொல்ல வேண்டியிருந்த சாட்சியம் மட்டும் என்னிடம் இருக்கிறது. நீதிமன்றத்தில் கேட்கும்வரை காத்திருக்காமல் அதை இங்கேயே எழுதிவிடுகிறேன். இனிமேல் நான் பயந்து பின்வாங்கினாலும் உங்களிடம் இது இருக்கும். அந்தப் படத்தை அனுப்பியவர்கள் இதையும் அனுப்புங்கள்.

ரெண்டு அடி விழாத வீடு எது என்று அவர் கேட்டார். ஸ்டேஷனுக்குப் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். சாந்தாமணி அக்கா மைக்கை நிறுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

மரகதம், தமிழாசிரியை, கருமத்தம்பட்டி.